பார்க்கர்ல இருந்து ஜிடிஏ வரைக்கும்: ராய் ஹெய்ன்ஸ்ங்கிற டிரம்மர்

வணக்கம் மக்களே. ஜிடிஏ ஃபோர் விளையாடினவங்க இங்க எத்தனை பேரு? 2008-ல வந்துச்சே, அதுதான். கார்ல ஏறினா ரேடியோ ஓடும்ல, அதுல ஜாஸ் நேஷன் ரேடியோன்னு ஒரு ஸ்டேஷன் வரும். நம்மள்ல முக்காவாசிப் பேரு அது வந்த உடனே அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவியிருப்போம். அந்த ஸ்டேஷன்ல நடுநடுவுல ஒரு பெரியவர் பேசுவாரு. அது ஏதோ டப்பிங் ஆர்ட்டிஸ்ட் குரல்னு நினைச்சிருந்தீங்கன்னா, இல்ல. அது ராய் ஹெய்ன்ஸ். அந்த கேம் வந்தப்போ அவருக்கு 83 வயசு. ஜாஸ்ல பெரிய சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கருக்கு டிரம்ஸ் வாசிச்ச மனுஷன், வீடியோ கேம்ல ரேடியோ ஜாக்கி!

இன்னைக்கு வீடியோ அவரைப் பத்திதான். 1925 மார்ச் 13 பிறந்தாரு, 2024 நவம்பர் 12 காலமானாரு. நூறு வயசுக்கு நாலு மாசம் பாக்கி.

முன்னாடியே சொல்லிடறேன், இந்த வீடியோவுல ஒரிஜினல் ரெக்கார்டிங் எதையும் போட மாட்டேன். போட்டா காப்பிரைட் அடிச்சு வீடியோவையே தூக்கிருவாங்க. அதனால பேரு சொல்றேன், நீங்களே தேடிக் கேட்டுக்கோங்க. எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த டிரம் செட்ல வாசிச்சுக் காட்டறேன். கீழ் வீட்டு அக்கா கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு.

சரி. ஜாஸ் பத்தி எழுதுறவங்க, ஒரு டிரம்மரைப் பாராட்டணும்னா உடனே "எந்த ஸ்டைலும் வாசிப்பாரு"ன்னு சொல்லிருவாங்க. ராய் ஹெய்ன்ஸ் பத்தியும் அதைத்தான் சொல்றாங்க. இவரு யார் யார் கூட வாசிச்சாருங்கிற லிஸ்டைப் பார்த்தா அப்படித்தான் தோணும். லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், பட் பவல், மைல்ஸ் டேவிஸ், சாரா வான், தெலோனியஸ் மங்க், எரிக் டால்ஃபி, ஸ்டான் கெட்ஸ், ஜான் கோல்ட்ரேன், சிக் கொரியா, பாட் மெத்தேனி. இதுல பாதிப் பேரு ஒருத்தர் இன்னொருத்தர் மியூசிக் பக்கமே போகாதவங்க. ஆனா இவரோட ரெக்கார்டிங்கை எல்லாம் வரிசையா கேட்டீங்கன்னா ஒரு விஷயம் புரியும். இந்த மனுஷன் எந்த பேண்டுக்காகவும் ஸ்டைலை மாத்திக்கவே இல்ல. எல்லாத்துலயும் அதே ராய் ஹெய்ன்ஸ்தான். அப்புறம் எப்படி எல்லாருக்கும் பொருந்திச்சு? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ஊரு பாஸ்டன், ராக்ஸ்பரின்னு ஒரு ஏரியா. அப்பா அம்மா பார்படோஸ் தீவுல இருந்து வந்து குடியேறினவங்க. தம்பி மைக்கேல் பின்னாள்ல அதே ராக்ஸ்பரி சர்ச்ல பாஸ்டர் ஆனாரு. இவரோட ஹீரோ ஜோ ஜோன்ஸ், கவுன்ட் பேஸி பேண்டோட டிரம்மர். 1945-ல லூயிஸ் ரஸ்ஸல் பேண்ட்ல சேர நியூயார்க் வந்துட்டாரு. இருபது வயசு. அங்க இருந்து 1947-ல லெஸ்டர் யங் கூட. 1949-ல சார்லி பார்க்கர் பேண்ட்ல மேக்ஸ் ரோச் இருந்த இடம் இவருக்கு வருது.

மேக்ஸ் ரோச் இடம்னா சும்மா இல்ல. பிபாப்னா நாற்பதுகள்ல வந்த வேகமான ஜாஸ் பாணி, அதுல டிரம்ஸ் எப்படி வாசிக்கணும்னு வழி போட்டவங்கள்ல அவரு ஒருத்தர். அந்த நாற்காலியில 24 வயசுப் பையன் போய் உட்காருறான், மூணு வருஷம் போல அங்கேயே இருக்கான். அதே 1949 ஆகஸ்ட்ல பியானோ வாசிக்கிற பட் பவல் கூட ப்ளூ நோட் கம்பெனிக்கு ஒரு செஷன். அந்த செஷன்ல சாக்ஸஃபோன் யாருன்னு பாருங்க: சோனி ராலின்ஸ், வயசு 18. டிரம்பெட் ஃபேட்ஸ் நவாரோ. "பவுன்சிங் வித் பட்"னு ஒரு டிராக், அதைக் கேளுங்க. நவாரோ அடுத்த வருஷமே இறந்துட்டாரு, 26 வயசுல.

இப்போ டிரம் செட்டுக்கு வருவோம். கேமராவை இப்படித் திருப்பறேன். தெரியுதா? வலது பக்கம் பெரிய தட்டு, இதுதான் ரைடு சிம்பல். இடது பக்கம் ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு, கால்ல மிதிச்சா மூடும், ஹை-ஹேட். மடிக்கு முன்னாடி ஸ்னேர். வலது காலுக்கு பேஸ் டிரம்.

சாதாரண ஜாஸ் டிரம்மிங் இப்படி.

(வாசிக்கிறார்)

டிங், டிங்-க-டிங், டிங்-க-டிங். வலது கை ரைடு சிம்பல்ல இதை விடாம ஓட்டும். நாலு நாலா எண்ணினா, இடது கால் ஹை-ஹேட்டை ரெண்டுலயும் நாலுலயும் மிதிக்கும். ஒண்ணு, சிக், மூணு, சிக். அந்தக் காலத்துல இதுதான் சட்டம். இடது கையும் வலது காலும் நடுவுல அங்கங்க ஒண்ணு ரெண்டு போடலாம், ஆனா அந்த டிங்-க-டிங்கும் அந்த சிக்கும் நிக்கக் கூடாது. பேண்டே அது மேலதான் நிக்குது.

ராய் ஹெய்ன்ஸ் என்ன பண்ணாருன்னா, நாலு கை காலும் ஒரே அந்தஸ்துன்னு ஆக்கிட்டாரு. ஹை-ஹேட்டை ரெண்டு நாலுல கட்டிப் போடல. தேவைப்பட்ட இடத்துல மிதிப்பாரு, தேவையில்லன்னா சும்மா விட்டுருவாரு. ரைடு சிம்பல்லயும் ஒரே பேட்டர்னைச் சுத்திச் சுத்தி அடிக்க மாட்டாரு. கொஞ்சம் மெதுவா பண்றேன் பாருங்க.

(மெதுவாக வாசிக்கிறார்)

கவனிச்சீங்களா? சிம்பல்ல ரெண்டு அடி, மூணாவது ஸ்னேர்ல போயிருச்சு, நாலாவது கால்ல. டிங்-க-டிங் எங்கயும் முழுசா வரல. ஆனா நீங்க காலைத் தட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா தாளம் ஒரு இடத்துலயும் நழுவலன்னு தெரியும். நான் வாசிச்சதுல லேசா நழுவிச்சு, அது வேற விஷயம்! அவரு வாசிச்சா தாளத்தை யாரும் அடிச்சுக் காட்டாமலே அது உள்ள ஓடிக்கிட்டிருக்கும்.

இன்னொண்ணு, சத்தம். ஸ்னேரை நல்லா இழுத்து முறுக்கி ட்யூன் பண்ணியிருப்பாரு. அடி விழுந்தா படார்னு தனியா தெறிக்கும். "ஸ்னாப் கிராக்கிள்"னு பட்டப்பேரே வந்துச்சு அதுக்கு. அந்தப் பேர்ல ஒரு பாட்டும் போட்டாரு, 1962-ல வந்த "அவுட் ஆஃப் தி ஆஃப்டர்நூன்" ஆல்பத்துல இருக்கு. ஒரே சமயத்துல ரெண்டு மூணு சாக்ஸஃபோனை வாயில வச்சு ஊதுவாரே ரோலண்ட் கர்க், அவரும் அதுல இருக்காரு. இவரு சொந்தப் பேர்ல போட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம் அதுதான்.

இப்போ சாரா வான் கதைக்கு வர்றேன். இதை நிறையப் பேரு ஒரே வரியில தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அது பிடிக்காது. 1953-ல இருந்து 1958 வரைக்கும், கிட்டத்தட்ட அஞ்சு வருஷம், இவரு சாரா வான் பாடுறதுக்குப் பின்னாடி உட்கார்ந்து வாசிச்சிருக்காரு. பார்க்கர் பேண்ட்ல வாசிச்ச ஆளு ஒரு பாடகிக்குப் பின்னாடி போறதான்னு அன்னைக்கும் கேட்டிருப்பாங்க, இன்னைக்கும் கேப்பாங்க. நம்ம ஊர்ல கச்சேரி கேக்குறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய மிருதங்க வித்வானோட பெருமை தனி ஆவர்த்தனத்துல மட்டுமா இருக்கு? பாடகர் ஒரு சங்கதியை மூணாவது தடவை மாத்திப் பாடும்போது இவரு என்ன பண்றாருங்கிறதுலதானே இருக்கு.

1954-ல ரெக்கார்ட் பண்ண "ஷூலி அ பாப்"னு ஒண்ணு இருக்கு. மூணு நிமிஷம் கூட இல்ல. இதுல சாரா வான் வார்த்தையே இல்லாம ஸ்கேட் பாடிக்கிட்டுப் போவாங்க. நடுவுல பேண்ட்ல இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரா பேர் சொல்லி அறிமுகம் பண்ணுவாங்க. பியானோ ஜான் மலாக்கி, பேஸ் ஜோ பெஞ்சமின். கடைசியா இவரு பேரு. "ராய்"னு சொல்லிட்டு நிறுத்துவாங்க, அந்த இடைவெளியில டிரம்ஸ் பேசும். அப்புறம் "ஹெய்ன்ஸ்", திரும்ப டிரம்ஸ். சில செகண்ட்தான். ஆனா அந்தச் சில செகண்ட்ல அவரு அடிக்கிறதைக் கேட்டா, தன் பேருக்குத் தானே பதில் சொல்ற மாதிரி அவ்வளவு குறும்பா இருக்கும். நான் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கேன்.

1957-ல சிகாகோவுல மிஸ்டர் கெல்லீஸ்னு ஒரு கிளப்ல எடுத்த லைவ் ஆல்பமும் இருக்கு. அதுல ஒரு பாட்டுல சாரா வான் வரியில தடுமாறுவாங்க. தடுமாறினதையே வரியாக்கிப் பாடிட்டுப் போயிடுவாங்க. ஹெய்ன்ஸ் குச்சிக்குப் பதிலா கம்பி பிரஷ் வச்சுக்கிட்டு ஸ்னேரைத் தடவிக்கிட்டே இருப்பாரு, ஒரு இடத்துலயும் பதறி உள்ள குதிக்க மாட்டாரு. இந்தப் பொறுமை அஞ்சு வருஷத்துல வந்த பழக்கம்னுதான் நான் நினைக்கிறேன்.

ஏன்னா அங்க இருந்து வெளிய வந்து நேரா எங்க போறாரு? தெலோனியஸ் மங்க் கிட்ட. 1958 கோடையில நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கஃபேல. மங்க் பியானோ கேட்டவங்களுக்குத் தெரியும், பாதி மியூசிக் அவரு வாசிக்காம விட்ட இடத்துலதான் இருக்கும். சாக்ஸஃபோன் சோலோ வந்தா சில நாள் பியானோவை விட்டு எழுந்திரிச்சுப் போய் மேடையில ஆடிக்கிட்டிருப்பாரு. அப்போ கீழ தாங்கிப் பிடிக்க பேஸும் டிரம்ஸும்தான். ஜானி கிரிஃபின் சாக்ஸஃபோன்ல புயல் மாதிரி போயிக்கிட்டிருப்பாரு. இந்த இடத்துல வேற டிரம்மரா இருந்தா, காலி இடம் கிடைச்சதேன்னு அடிச்சு நிரப்பியிருப்பாங்க. ஹெய்ன்ஸ் காலி இடத்தைக் காலியாவே விடுவாரு, திடீர்னு ஒரு ஓரத்துல ஒரு தெறிப்பு மட்டும் வரும். "மிஸ்டீரியோசோ", "தெலோனியஸ் இன் ஆக்ஷன்" ரெண்டு ஆல்பமும் அந்தக் கிளப்ல எடுத்ததுதான்.

அறுபதுகளோட தொடக்கத்துல இவரு எத்தனை ரெக்கார்டிங் பண்ணியிருக்காருன்னு பார்த்தா தலை சுத்தும். எரிக் டால்ஃபியோட "அவுட்வர்ட் பவுண்ட்", ஆலிவர் நெல்சனோட "ப்ளூஸ் அண்ட் தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்", எட்டா ஜோன்ஸோட "டோன்ட் கோ டு ஸ்ட்ரேஞ்சர்ஸ்", ஆண்ட்ரூ ஹில்லோட "பிளாக் ஃபயர்". எல்லாம் நாலு வருஷத்துக்குள்ள. 1961-ல ஸ்டான் கெட்ஸோட "ஃபோகஸ்", அதுல முதல் டிராக்ல வயலின் கூட்டத்துக்கு நடுவுல இவரு ஒருத்தர் மட்டும் டிரம்ஸ். எடி சாட்டர் எழுதின ஸ்ட்ரிங்ஸ் ஒரு பக்கம் விரட்டிக்கிட்டு ஓடும், இவரு பிரஷ்ல கூடவே ஓடுவாரு. ஜாஸ்னாலே எரிச்சல்னு சொல்ற என் ஃபிரெண்ட் ஒருத்தன் அதை மட்டும் முழுசா கேட்டான்.

இடையில ஒரு ஜாலியான விஷயம். 1960-ல எஸ்குயர் பத்திரிகை அமெரிக்காவுல நல்லா டிரெஸ் பண்ற ஆம்பளைங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுச்சு. சினிமா ஸ்டார் கேரி கிராண்ட், ஃபிரெட் அஸ்டேர் எல்லாம் இருக்கிற லிஸ்ட்ல மைல்ஸ் டேவிஸ் பேரும் இருந்துச்சு, ராய் ஹெய்ன்ஸ் பேரும் இருந்துச்சு. டிரம்மருங்க வியர்வையில நனைஞ்ச பனியனோட உட்கார்ந்திருப்பாங்கன்னு யாரு சொன்னா? போட்டோ தேடிப் பாருங்க. எண்பது தொண்ணூறு வயசுல கூட கண்ணைப் பறிக்கிற சட்டை, கூலிங் கிளாஸ்.

அடுத்து கோல்ட்ரேன். இதுதான் எனக்கு முக்கியமான இடம்.

சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட குவார்ட்டெட்னா, அதாவது நாலு பேர் பேண்ட்னா, டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். அந்த பேண்டோட இன்ஜினே அவருதான். 1963-ல எல்வின் சில மாசம் பேண்ட்ல இல்ல. அவரு வர முடியாத நேரத்துல கோல்ட்ரேன் கூப்பிட்டது ஹெய்ன்ஸைத்தான். ஏப்ரல்ல ஸ்டூடியோவுல "ஆஃப்டர் தி ரெய்ன்", "டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்". ஜூலை 7-ம் தேதி நியூபோர்ட் ஜாஸ் ஃபெஸ்டிவல் மேடை. அன்னைக்கு வாசிச்ச "மை ஃபேவரிட் திங்ஸ்" 17 நிமிஷத்துக்கு மேல போகும்.

எல்வின் வாசிக்கிறதை முதல்ல கேளுங்க. மூணு மூணா உருண்டு உருண்டு வரும், கடல் அலை மேல அலை மாதிரி, டாம் டிரம்ஸ் கனமா இருக்கும். இப்போ அதே பாட்டை நியூபோர்ட்ல கேளுங்க. கனம் போயிருச்சு. எல்லாம் ஸ்னேர்லயும் சிம்பல்லயும் மேல மேல போயி, கூர்மையா, உடைஞ்சு உடைஞ்சு தெறிக்குது. எல்வின் மாதிரி வாசிக்கணும்னு அவரு ஒரு நிமிஷம் கூட முயற்சி பண்ணல! வேற ஆளுக்குப் பதிலா போறவங்க பொதுவா என்ன பண்ணுவாங்க? அந்த ஆளு வாசிக்கிறதைப் பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பேத்துவாங்க. இவரு அப்படி இல்லாம தன்னையே கொண்டுபோய் அங்க வைக்கிறாரு. கோல்ட்ரேன் அதுக்கு ஏத்த மாதிரி வேற வழியில போறாரு. பேண்ட் மாறுது, டிரம்மர் மாறல. "எல்லா ஸ்டைலும் வாசிப்பாரு"ங்கிற பாராட்டு இவருக்குப் பொருந்தாதுன்னு நான் சொன்னதுக்கு இந்த 17 நிமிஷம்தான் எனக்கு சாட்சி. பேண்ட்ல மத்தவங்க என்ன பண்றாங்கன்னு இவரு அளவுக்குக் காது கொடுத்துக் கேட்டவங்க கம்மி. அவங்க சொல்றதுக்குத் தன் பாணியிலேயே பதில் சொல்லுவாரு. அதனாலதான் எங்க போனாலும் ஒட்டுச்சு.

அப்புறம் 1967-ல கேரி பர்ட்டன் கூட "டஸ்டர்". ராக் மியூசிக்கோட வாசனை ஜாஸுக்குள்ள வர ஆரம்பிச்ச ஆல்பங்கள்ல முதல் வரிசையில அது இருக்கு. அடுத்த வருஷம், 1968 மார்ச், பியானோ வாசிக்கிற சிக் கொரியா, மூணு பேர் மட்டும் வாசிக்கிற ஒரு டிரியோ ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடறாரு. "நவ் ஹி சிங்ஸ், நவ் ஹி சாப்ஸ்". கொரியாவுக்கு 26, பேஸ் வாசிச்ச மிரோஸ்லாவ் விட்டூஷுக்கு 20. இவருக்கு 43. அந்த ரூம்ல இவருதான் பெரியவர். ஆனா கேட்டா வயசுல சின்னவர் யாருன்னு கண்டுபிடிக்க முடியாது.

அந்த ரெக்கார்டிங்ல இவரு வச்சிருந்தது பைஸ்டி கம்பெனியோட ஃபிளாட் ரைடு. சாதாரண ரைடு சிம்பல் நடுவுல இப்படிக் குமிழ் மாதிரி மேல எழும்பியிருக்கும் பாருங்க, அதை பெல்னு சொல்லுவாங்க.

(சிம்பலின் நடுவில் குச்சியால் தட்டுகிறார்)

ஃபிளாட் ரைடுல இது கிடையாது, தட்டு மாதிரி சமமா இருக்கும். இதனால என்ன ஆகும்? அடிக்க அடிக்க அந்த "ஷ்ஷ்ஷ்"னு சத்தம் சேர்ந்து பெருசாகாது. எவ்வளவு வேகமா அடிச்சாலும் குச்சி நுனி படுற ஒவ்வொரு "டிக்"கும் தனித்தனியா கேக்கும். பியானோவை மூடாது. ஹெய்ன்ஸ் மாதிரி பேட்டர்னை உடைச்சு வாசிக்கிறவருக்கு இது அல்வா. சாதாரண சிம்பல்ல அவ்வளவு நுணுக்கமா வாசிச்சா பாதி சத்தம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். அந்த ஆல்பத்தைக் கேட்டு ஃபிளாட் ரைடு வாங்கின டிரம்மர்ங்க உலகம் பூரா இருக்காங்க. எனக்கும் ஆசைதான், விலையைப் பார்த்துட்டு டேபை மூடிட்டேன்.

எழுபதுகள்ல ஹிப் என்செம்பிள்னு சொந்த பேண்ட் வச்சாரு. அது எனக்கு அவ்வளவா ஒட்டல, அதனால தாண்டிப் போறேன். பிடிச்சவங்க கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க.

1989 டிசம்பர்ல பாட் மெத்தேனி, டேவ் ஹாலண்ட் கூட ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணது "கொஸ்டின் அண்ட் ஆன்சர்". 1990-ல வெளிவந்துச்சு. ரெக்கார்ட் பண்ணப்போ இவருக்கு 64. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டும்தான், ஒளிய இடமே கிடையாது. டைட்டில் டிராக் கேளுங்க, அந்த ஸ்னேர் 1949-ல தெறிச்ச மாதிரியே தெறிக்கும். அப்புறம் "லைக் மைண்ட்ஸ்"னு பர்ட்டன், கொரியா, மெத்தேனி, ஹாலண்ட், இவரு எல்லாரும் சேர்ந்து ஒரு ஆல்பம், அதுக்கு கிராமி கிடைச்சுது. எழுபது எண்பது வயசுல தன் பேரன் வயசுப் பசங்களைச் சேர்த்து "ஃபவுண்டன் ஆஃப் யூத்"னு ஒரு பேண்ட் நடத்தினாரு.

ஆனா ஒரு வருத்தம் எனக்கு உண்டு. மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் பேரு தெரிஞ்ச அளவுக்கு இவரு பேரு வெளிய தெரியல. காரணம் லேசானதுதான். பிளேக்கிக்கு ஒரு பேண்ட் இருந்துச்சு, அந்த பேண்ட் பேரே அவரு பேரு. எல்வினுக்குக் கோல்ட்ரேன், டோனிக்கு மைல்ஸ். ஒரு பேரோட இன்னொரு பேரு ஒட்டிக்கிட்டா ஜனங்க மறக்க மாட்டாங்க. இவரு எல்லார் கூடவும் இருந்ததால, யார் பேரோடயும் இவரு பேரு ஒட்டல. அவங்க ஆல்பங்களைப் புரட்டினா பின் அட்டையில சின்ன எழுத்துல இருப்பாரு.

பேரன்னு சொன்னேன்ல, நிஜப் பேரன் ஒருத்தர் இருக்காரு. மார்கஸ் கில்மோர், 1986-ல பிறந்தவரு, அவரும் டிரம்மர். பியானோ வாசிக்கிற விஜய் ஐயர் தெரியும்ல? தமிழ் அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவுல பிறந்தவரு. அவரோட டிரியோவுல பல வருஷம் டிரம்ஸ் வாசிச்சது இந்த மார்கஸ்தான். 2009-ல "ஹிஸ்டாரிசிட்டி", 2012-ல "ஆக்செலராண்டோ", 2015-ல "பிரேக் ஸ்டஃப்". அது மட்டுமா, தாத்தாவை 1968-ல கூப்பிட்ட அதே சிக் கொரியா, 2013-ல "தி விஜில்" ஆல்பத்துக்குப் பேரனைக் கூப்பிட்டாரு.

மார்கஸ் தாத்தாவைக் காப்பி அடிக்க மாட்டாரு. அவரு கணக்கு வேற, இன்னும் சிக்கலானது. ஆனா ஹை-ஹேட் காலை மட்டும் கவனிங்க. ரெண்டுலயும் நாலுலயும் கட்டிப் போட்டிருக்காரான்னு பாருங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேப்பீங்க. முதல்ல "ஷூலி அ பாப்", சின்னது. அடுத்து நியூபோர்ட் "மை ஃபேவரிட் திங்ஸ்", ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல சிம்பல் எல்லாம் தகர டப்பா மாதிரி கேக்கும். அதுக்கப்புறம் கொரியா ஆல்பம் முழுசா. அவசரம் இல்ல, ஒரு வாரம் எடுத்துக்கோங்க. கேட்டுட்டு எந்த நிமிஷத்துல எது பிடிச்சுதுன்னு டைம்ஸ்டாம்ப் போட்டு கமெண்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன். அடுத்த வீடியோவுல எல்வின் ஜோன்ஸ் பத்திப் பேசலாம்னு இருக்கேன். அதுக்குக் கீழ் வீட்டு அக்கா கிட்ட மறுபடியும் கேக்கணும், எல்வின்னா சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. பார்க்கலாம் மக்களே, வர்றேன்.